நவம்பரில் நெதர்லாந்து, மே மாதத்தில் ஸ்பெயின்

பசுமைக்குடிலுக்குக் கடன் வாங்கும் முன், தாம்பரம் வட்டார விவசாயிகள் பார்க்க வேண்டிய இரண்டு நாடுகள்

படப்பை, மணிமங்கலம், மாம்பாக்கம் பக்கம் காய்கறி, கீரை பயிரிடுவோரிடையே இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு இது: "ஹாலந்து நாட்டில் ஒரு ஏக்கர் தக்காளியில் 200 டன் எடுக்கிறார்களாம். நமக்கு 40 டன் வந்தாலே பெரிய விஷயம். பசுமைக்குடில் போட்டால் நாமும் எடுக்கலாமே?"

கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. விளைச்சல் கணக்கும் பொய்யல்ல. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் தக்காளி எடுக்கிறார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 200 டன்னைத் தாண்டும். ஆனால் அந்தக் கண்ணாடிக் குடில் எந்தக் குறையைத் தீர்க்கக் கட்டப்பட்டது என்று பார்க்காமல் கடன் வாங்கினால், குடில் நிற்கும், பயிர் நிற்காது.

ஐரோப்பாவிலேயே இன்னொரு நாடு, ஸ்பெயின், வேறு மாதிரிக் குடில் போட்டுக் காய்கறி ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கிறது. இரண்டு நாட்டின் நிலத்தையும் வானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நமக்கு எது பொருந்தும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பள்ளத்தில் ஒரு நாடு

நெதர்லாந்தின் பரப்பு சுமார் 41,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரைன், மியூஸ் ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் வண்டல் சேர்ந்து உண்டான தட்டை நிலம் அது. ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மிகத் தாழ்வான இடம் கடல் மட்டத்துக்கு 6.7 மீட்டர் கீழே. ஐரோப்பாவில் உள்ள அதன் மிக உயரமான மேடு 322 மீட்டர்தான்.

அந்த நாட்டு நிலத்தைப் புரிந்துகொள்ள நம் ஏரியைத் தலைகீழாக நினைத்துப் பார்த்தால் போதும். நம் ஏரிக்கரை தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது. அவர்களுடைய கரை தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. கரைக்குள் வயல், வீடு, மாட்டுத் தொழுவம் எல்லாம் இருக்கும். உள்ளே ஊறும் நீரையும் பெய்யும் மழையையும் முன்பு காற்றாலை வைத்து இறைத்தார்கள். இப்போது மின்மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். மக்கிய தாவரங்களால் ஆன மண் என்பதால், நீரை வடிக்க வடிக்க நிலம் இன்னும் அமிழ்கிறது. ஆகவே இறைப்பது நிற்பதே இல்லை.

அங்கே ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. இது பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிந்து, மாதம் 70 மி.மீ. என்ற அளவில் தூறலாகப் பெய்கிறது. ஜனவரியில் சராசரி வெப்பம் 3 முதல் 4 டிகிரி. ஜூலையில் 18 டிகிரி. டிசம்பரில் பகல் நேரம் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நம் ஊரில் அதே டிசம்பரில் பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு.

மேட்டில் ஒரு நாடு

ஸ்பெயின் இதற்கு நேர்மாறு. பரப்பு சுமார் 5,06,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நாட்டின் நடுப்பகுதி முழுவதும் 600, 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி. சுற்றிலும் மலைத்தொடர்கள். தெற்கே சியரா நெவாடா மலையில் 3,479 மீட்டர் உயரச் சிகரம் இருக்கிறது.

மலை இருக்கும் நாட்டில் மழை ஒரே மாதிரி பெய்யாது. அட்லாண்டிக் கடலை ஒட்டிய வடமேற்கு மூலையில் ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல் கொட்டும் ஊர்கள் உண்டு. அதே நாட்டின் தென்கிழக்கு மூலையில் உள்ள அல்மேரியாவில் ஆண்டு முழுவதற்கும் 200 மி.மீ.தான். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, மலை தாண்டிப் பல்லடம் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வருகிறதே, அதே கதைதான் அங்கும். மழை மேகத்தை மலை தடுத்துவிடுகிறது.

அல்மேரியாவில் குறைவில்லாமல் கிடைப்பது வெயில். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் சூரிய ஒளி உண்டு. குளிர்காலத்திலும் பகலில் 16, 17 டிகிரி இருக்கும், உறைபனி அபூர்வம். காற்று மட்டும் பலமாக வீசும்.

கண்ணாடி வீடும் பிளாஸ்டிக் பந்தலும்

இப்போது இரண்டு நாட்டுக் குடில்களையும் பார்க்கலாம்.

நெதர்லாந்து விவசாயிக்கு இரண்டு குறைகள்: குளிர், வெளிச்சக் குறைவு. எனவே வெளிச்சம் முழுவதும் உள்ளே வரும்படி கண்ணாடியில் வீடு கட்டுகிறார். எரிவாயு எரித்து உள்ளே சூடேற்றுகிறார். அந்தப் புகையிலிருந்து வரும் கரியமில வாயுவையும் பயிருக்கே கொடுக்கிறார். குளிர்காலத்தில் மின்விளக்கு எரிக்கிறார். பயிர் மண்ணில் நிற்பதில்லை. உரக்கரைசல் பாயும் ஊடகத்தில் நிற்கிறது. வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் அந்தக் கட்டடத்தின் முதல் வேலை. ஏக்கருக்கு 200 டன் வருவதற்குப் பின்னால் இத்தனை செலவு இருக்கிறது. 2022-இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியபோது, அங்கேயே பலர் பயிரைத் தள்ளிப்போட்டார்கள்; சிலர் குடிலைக் காலியாக விட்டார்கள்.

அல்மேரியா விவசாயிக்கு வெயில் இருக்கிறது. நீரும் நல்ல மண்ணும் இல்லை. அவர் கண்ணாடிக்குப் போகவில்லை. முன்பு திராட்சைக் கொடி படர்த்த ஊன்றிய கம்பும் கம்பியும் சேர்ந்த பந்தலையே எடுத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தினார். தரையில் தொழு உரம் பரப்பி, அதன் மேல் மணலைப் போர்வையாகப் போட்டார். மணல், ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது. சொட்டுநீரில் பாசனம். சூடேற்றும் செலவு பெரும்பாலும் இல்லை. இப்படி இன்று 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை பரவிக் கிடக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு குடும்பங்களின் நிலங்கள். விற்பனைக்குக் கூட்டுறவும் ஏல மையமும் கைகொடுக்கின்றன.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அல்மேரியாவில் பயிர்க்காலம் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான குடில்கள் காலி. அந்த நேரத்தில் நிலத்தை நனைத்துத் தாள் போர்த்தி, வெயிலிலேயே மண்ணின் நோய்க்கிருமிகளைக் கொல்கிறார்கள். அடுத்த நடவுக்கு முன் கூரைமேல் வெள்ளைக் கரைசல் அடித்து வெப்பத்தைக் குறைக்கிறார்கள். அந்த ஊரின் ஆகஸ்ட் வெயில் சராசரியாக 31 டிகிரிதான். அதற்கே குடிலைக் காலி செய்கிறார்கள் என்றால், 38 டிகிரி சாதாரணமாக அடிக்கும் நம் மே மாதத்தில் மூடிய குடிலுக்குள் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும்.

நம் வட்டாரம் எந்தப் பக்கம்?

தாம்பரம் வட்டாரத்தில் இரண்டு விதமான நிலம் இருக்கிறது. மேற்கே பல்லாவரம், திரிசூலம் முதல் வண்டலூர், படப்பை வரை மேல்மண் ஆழம் குறைவு. கீழே கருங்கல் பாறை. சார்னகைட் என்று புவியியலார் சொல்லும் அந்தப் பாறைக்கு இந்தப் பகுதிதான் பெயர் பெற்ற இடம். பாறை நீரைச் சேமிக்காது. சிதைந்த பாறையிலும் வெடிப்பிலும் உள்ள நீரே கிணற்றுக்கு வரும். அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஓர் ஏரி வெட்டினார்கள். கிழக்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலோர மணல். மழைநீர் உடனே இறங்கும். நன்னீர், உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கும்.

வானமும் இரண்டு விதம். சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. நெதர்லாந்தைவிட நமக்குத்தான் மழை அதிகம். ஆனால் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. நெதர்லாந்தில் ஏழு மாதத்தில் பெய்யும் மழை அது. அல்மேரியாவில் இரண்டு ஆண்டுகளில்கூட அவ்வளவு பெய்வதில்லை. அன்று முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின.

நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

ஆக, நவம்பரில் நாம் நெதர்லாந்து. நீரை வெளியேற்ற வழி தெரிய வேண்டும். மே மாதத்தில் ஸ்பெயின். ஒரு குடம் நீரைக்கூட வீணாக்கக் கூடாது. இரண்டு நாடும் தனித்தனியே படும் பாட்டை நாம் ஒரே நிலத்தில், ஆறு மாத இடைவெளியில் படுகிறோம். அங்கே இல்லாத இன்னொன்றும் நமக்கு உண்டு: புயல். 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது, வேரூன்றிய மரங்களே நிற்கவில்லை.

நமக்கு ஏற்ற குடில் எது?

தக்காளிப் பூ பிஞ்சாக மாற இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். நம் ஊரில் மே மாத இரவே 27, 28 டிகிரி. நான்கு பக்கமும் மூடிய குடிலில் காற்றோட்டம் போதாவிட்டால், பகல் வெப்பம் வெளியைவிட இன்னும் பல டிகிரி ஏறும். விசிறியும் ஈரத் திரையும் வைத்துக் குளிர்விக்கும் முறை வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஓரத்து ஈரக்காற்றில் பலன் குறைவு, மின்கட்டணம் குறையாது.

ஓசூர், தளி, நீலகிரி போன்ற உயரமான, குளிர்ந்த இடங்களில் பசுமைக்குடில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஓசூர்ப் பகுதி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளியில் உள்ள மலர் மகத்துவ மையத்தில் கொய்மலர்ச் சாகுபடியைப் பார்த்துவிட்டு வருபவர்கள், அந்த ஊர்க் காற்றையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தாம்பரம் வட்டாரச் சமவெளிக்குப் பொருத்தமானவை இரண்டு.

முதலாவது, நிழல்வலைக் குடில். 50 சத நிழல் தரும் வலையின் கீழ் கோடையில் கொத்தமல்லி, கீரை, குழித்தட்டு நாற்று ஆகியவற்றை எடுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னைச் சந்தையில் கொத்தமல்லிக்குத் தட்டுப்பாடு வருவது எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் வெளிச்சம் குறையும்போது வலையைச் சுருட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, மழைத்தடுப்புக் குடில். மேலே மட்டும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் தாள். பக்கங்கள் திறந்திருக்கும், அல்லது பூச்சி வலை இருக்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தில் இது பரவலாக உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் அழுகிப்போகும் வெள்ளரி, தக்காளி, கீரை நாற்று போன்றவற்றைக் காப்பாற்ற இது போதும்.

இரண்டிலும் கூரைத் தாளையும் வலையையும் விரைவில் கழற்றும்படி பொருத்துவது அவசியம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கழற்றி எடுத்துவிட்டால், கம்பமாவது மிஞ்சும்.

கூரை ஒரு நீர்ப்பிடிப்பு

நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய இரண்டு நாட்டுக் குடில்காரர்களிடமும் பொதுவாகக் காணப்படுவது ஒன்று: கூரையில் விழும் மழைநீரைக் குட்டையில் சேர்ப்பது. நமக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 25 சென்ட் பரப்புள்ள பாலித்தீன் கூரை, ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். பருவமழைக் காலத்தில் 800 மி.மீ. பெய்தால் 8 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினாலும் 6 லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். இதற்கு 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் தாள் விரித்த ஒரு குட்டை போதும். அதே 25 சென்டுக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் என்று கொண்டால், 120 நாள் பாசனம். வெயிலில் ஆவியாவதைக் கழித்தாலும் மூன்று மாதம் தாங்கும். கூரைநீரில் உப்பு இல்லை என்பதால் சொட்டுவானும் அடைக்காது.

உப்பு ஏறினால் இறங்காது

அல்மேரியாவின் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. ஆயிரக்கணக்கான குடில்கள் நிலத்தடி நீரை இறைத்ததில், கடலோர நீரூற்றுகளில் உப்புநீர் நுழைந்தது. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து விலை கொடுத்துப் பாசன நீர் வாங்குகிறார்கள்.

இதைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் நுழைந்தது ஆய்வில் தெரியவந்தது. அளவுக்கு மேல் இறைத்ததே காரணம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. அந்த நீர் நகரத்தின் தாகத்துக்கு. நம் வெண்டைக்காய்க்கு அல்ல. கோவளம் பக்க மணல் நிலத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நெதர்லாந்து விட்டுக்கொடுத்தது

ஆற்றை அடக்கியே பழகிய நாடு நெதர்லாந்து. 1953-இல் கடல் கரையை உடைத்து 1,800-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, மாபெரும் தடுப்பணைகள் கட்டினார்கள். ஆனால் 1993, 1995 ஆற்று வெள்ளங்களுக்குப் பிறகு யோசனை மாறியது. 30-க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி, ஆறு பரவ நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சில விவசாயிகள் ஈட்டுத்தொகை பெற்று இடம் மாறினார்கள்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீருக்கும் அப்படி ஓர் இடம் இயற்கையாகவே இருந்தது: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். பழைய சதுப்பில் ஒரு பகுதிதான் இது. எங்கோ நகரத்தில் கிடக்கும் சதுப்பு என்று விவசாயிகள் இதை நினைக்கக் கூடாது. வடிகாலின் வாய் அடைபட்டால், மேலே உள்ள வயல்தான் முதலில் தேங்கும்.

நீரைக் காக்கும் வேலையை அந்த நாடுகள் அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிடவில்லை. நெதர்லாந்தில் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஏற்பாடு. தேர்தலும் வரியும் தனி. ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலயத்தின் வாசலில், வாய்க்கால் விவசாயிகளே தேர்ந்தெடுத்த நீதிமன்றம் கூடித் தண்ணீர் வழக்கைத் தீர்க்கிறது. எல்லாம் வாய்மொழிதான், வக்கீல் கிடையாது.

நமக்கு இது புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆளெடுத்த விதியைச் சொல்கின்றன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இன்றும் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம் 2000-இன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க வழி இருக்கிறது. ஏரிப் பாசனம் மிஞ்சியிருக்கும் ஊர்களில், மழைக்கு முன் ஆகஸ்டிலேயே கூடி வரத்துக்கால், மதகு, கலங்கல் மூன்றையும் நடந்து பார்ப்பது முதல் வேலை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பசுமைக்குடிலுக்குப் பாதி மானியம் கிடைக்கிறதே, போட்டால் என்ன நஷ்டம்?

பதில்: மீதிப் பாதி உங்கள் பணம், அல்லது கடன். தாளை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். அதுவும் உங்கள் செலவு. நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம். முதலில் சொட்டுநீர், அடுத்து 5, 10 சென்டில் நிழல்வலை என்று தொடங்குங்கள். இந்த ஆண்டு நிபந்தனைகளை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலோர மணல் நிலம். கோடையில் கிணற்று நீர் உவர்க்கிறது. ஆழப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். நன்னீர் மேலே, உப்புநீர் கீழே. ஆழப்படுத்தினால் உப்பைத்தான் எட்டுவீர்கள். ஒரே கிணற்றில் நாள் முழுவதும் இறைக்காமல், குறைந்த நேரம் இறைத்து ஊறவிட்டு மறுபடி இறையுங்கள். ஜனவரியிலும் மே மாதத்திலும் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, இரண்டு முடிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஆண்டுக்காண்டு கூடினால் பயிர்ப் பரப்பைக் குறைக்க வேண்டிய நேரம் அது.

கேள்வி: அடையாற்றை ஒட்டிய தாழ்வான நிலம். ஒவ்வொரு நவம்பரிலும் காய்கறி அழுகிவிடுகிறது.

பதில்: நவம்பரில் நீரோடு சண்டை போடாமல், அந்த நிலத்தைச் சம்பா நெல்லுக்கு விடுங்கள். காய்கறியைப் பொங்கலுக்குப் பின் தொடங்குங்கள். மேட்டுப்பாத்தி ஓர் அடி உயரம் இருக்கட்டும். நிலத்தின் சரிவில் வாய்க்கால் வெட்டி, கடைசியில் ஒரு குட்டையில் விடுங்கள். நவம்பரில் அது வடிகால். மார்ச்சில் அதுவே உங்கள் பாசனம்.